நாயின் தட்டில் என்ன வைப்பது? நெய்வேலி நகரியத்தாருக்கு ஒரு திறந்த மடல்



சாயங்காலம் நம் குடியிருப்பு வட்டங்களின் சாலைகளில் நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பவர்கள் எதிரெதிரே வந்து நின்றால், இப்போதெல்லாம் பேச்சு ஒரே இடத்துக்குத்தான் வருகிறது. "இன்னும் பாக்கெட் தீனிதான் போடறீங்களா சார்? பச்சைக் கறிக்கு மாத்திப் பாருங்க, முடி எப்படி மின்னுதுன்னு தெரியும்" என்கிறார் ஒருவர். "வேண்டாங்க, டாக்டர் சொன்னதே பாக்கெட்தான், எல்லாச் சத்தும் அதுலயே இருக்கு" என்கிறார் இன்னொருவர். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்ற பெரியவர், "நாங்க மிஞ்சின சோத்தைத்தான் போட்டோம், பதினஞ்சு வருஷம் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்துபோகிறார். புதிதாகக் குட்டி வாங்கி வந்த இளம் தம்பதி இந்த மூன்றையும் கேட்டுக் குழம்பிப்போய் நிற்கிறார்கள். முக்கியமாக அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் கறியை நாய்க்குப் பச்சையாகப் போடக் கூடாது. குட்டிக்கு ஒரு வயது ஆகும்வரை, பெரிய இனம் என்றால் ஒன்றரை வயதுவரை, குட்டிகளுக்கென்றே தயாரித்த நல்ல பாக்கெட் தீனிதான் பாதுகாப்பானது. வளர்ந்த நாய்க்குப் பாக்கெட்டும் கொடுக்கலாம், வீட்டில் வேகவைத்தும் கொடுக்கலாம், இரண்டையும் கலந்தும் கொடுக்கலாம். ஆனால் வீட்டுச் சமையல் என்றால் அதற்கு ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கு தெரியாமல் ஆண்டுக்கணக்கில் சோறும் கறியும் மட்டுமே போடுவது, பார்க்கப் பாசமாக இருந்தாலும், அந்த வாயில்லா ஜீவனின் எலும்பை அரிக்கிற காரியம்.

பச்சைக் கறி கொடுப்பவர்கள் நாயின் மேல் அக்கறை இல்லாதவர்கள் அல்லர். என் அனுபவத்தில், நாய்க்காக அதிகம் படிப்பவர்களும் அதிகம் செலவழிப்பவர்களும் அவர்கள்தாம். ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் 1993இல் எழுதிய ஒரு புத்தகத்துக்குப் பிறகு உலகெங்கும் பரவிய வழக்கம் இது. சதையோடு கூடிய பச்சை எலும்பு, உள்ளுறுப்புகள், கொஞ்சம் காய்கறி, இவைதான் நாயின் இயற்கை உணவு என்பது அவர் வாதம். இப்படித் தின்னும் நாய் ஆசையாகத் தின்கிறது, மலம் குறைவாகவும் கெட்டியாகவும் போகிறது என்று அவர்கள் சொல்வது உண்மைதான். கறியில் செரிக்காமல் வெளியேறும் சக்கை குறைவு, அவ்வளவே காரணம்.

ஆனால் "நாய் என்பது ஓநாய்தானே" என்ற அவர்களுடைய மூலவாதம் நிற்காது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஆக்சல்சன் குழுவினர் 2013இல் 'நேச்சர்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிதான் இருக்கிறது. நாய்களிடம் 4 முதல் 30 பிரதிவரை இருக்கிறது. மனிதன் பயிர்செய்யத் தொடங்கி, தானியத்தைச் சமைத்து உண்ண, அவன் வாசலில் படுத்திருந்த நாயின் வயிறும் அதற்கேற்ப மாறியிருக்கிறது. பனிநாட்டு ஹஸ்கி போன்ற சில இனங்களில் இந்தப் பிரதிகள் குறைவு. நம் நாட்டு நாய் இனங்களான சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி எல்லாம் கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் சாப்பிட்ட வீடுகளில் வளர்ந்தவை, வீட்டார் குடித்ததில்தான் அவற்றுக்கும் பங்கு. ஆகவே சோறு நாய்க்கு விஷம் என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம்.

இனி, நம் ஊர் நிலவரத்துக்கு வருகிறேன். வெளிநாட்டில் பச்சை உணவு என்றால் தொழிற்சாலையில் அரைத்து, உறையவைத்து, பெட்டியில் அடைத்து விற்பது. நெய்வேலியில் பச்சை உணவு என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் மெயின் பஜாரிலோ மந்தாரக்குப்பத்திலோ இந்திரா நகரிலோ கறிக்கடையில் நின்று, நமக்கு ஒரு கிலோ வாங்கிய பிறகு, "நாய்க்கு ஏதாவது போடுங்கண்ணே" என்று கேட்டு வாங்கும் அந்தத் தனிப் பொட்டலம். ஆட்டு நுரையீரல், விற்காத ஈரல் துண்டு, குடல், கோழியின் தலை, கால், தோல். நான் எழுதுவது அந்தப் பொட்டலத்தைப் பற்றி.

ஆடு உரிக்கும்போது ஒரு நாள் பக்கத்தில் நின்று பாருங்கள். வயிற்றைக் கீறி ஈரலையும் நுரையீரலையும் எடுத்துப் பலகையில் வைப்பார்கள். சில ஆடுகளில், எல்லாவற்றிலும் அல்ல, நுரையீரலின் மேல் வெள்ளையாக ஒரு கட்டி புடைத்துக்கொண்டிருக்கும். நெல்லிக்காய் அளவிலும் இருக்கும், எலுமிச்சை அளவிலும் இருக்கும். தொட்டால் தண்ணீர் நிறைந்து விண்ணென்று இருக்கும். கடைக்காரர் அந்தப் பகுதியை மட்டும் கத்தியால் நறுக்கிக் கீழே வீசுவார், பலகைக்கு அடியில் காத்திருக்கும் தெருநாய் கவ்விக்கொண்டு போகும். அந்தக் கட்டியைக் கீறினால் பளிங்கு போன்ற நீர் வழியும். அதன் அடியில் நுண்ணிய வெண்மணல் போல ஏதோ படிந்திருக்கும். அந்த மணலின் ஒவ்வொரு துகளும் ஒரு நாடாப்புழுவின் தலை.

எக்கினோகாக்கஸ் என்பது அந்தப் புழுவின் பெயர். நாய் அந்தக் கட்டியைப் பச்சையாகத் தின்றால், ஏழெட்டு வாரங்களுக்குள் அதன் குடலில் இவை வளர்ந்த புழுக்களாகிவிடும். ஒவ்வொன்றும் 3 முதல் 6 மில்லிமீட்டர்தான். நாய்க்கு ஒன்றும் செய்யாது. அது மெலியாது, வாந்தி எடுக்காது, வழக்கம்போல வாலாட்டிக்கொண்டு விளையாடும். ஆனால் அதன் மலத்தோடு முட்டைகள் வெளியேறிக்கொண்டே இருக்கும். வாலடி முடியில் ஒட்டும், தன்னை நக்கிக்கொள்ளும்போது மூக்கிலும் வாயிலும் ஒட்டும், குவார்ட்டர்ஸ் பின்பக்கத் தோட்டத்து மண்ணிலும் கீரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நாயைக் கட்டிப்பிடித்து விளையாடிய பிள்ளை அதே கையால் முறுக்கு தின்றால் முட்டை உள்ளே போய்விடும். மனித உடம்பில் அது புழுவாக வளராது. ஆட்டின் நுரையீரலில் பார்த்த அதே நீர்க்கட்டியாக வளரும். பெரும்பாலும் ஈரலில், அடுத்தபடியாக நுரையீரலில். வளர ஆண்டுகள் ஆகும். வயிறு கனக்கிறது என்று ஸ்கேன் எடுக்கும்போதுதான் தெரியவரும். மாதக்கணக்கில் மாத்திரை, அல்லது அறுவை சிகிச்சை. கட்டி உள்ளேயே உடைந்துவிட்டால் கடுமையான ஒவ்வாமையில் உயிரே போகலாம். இந்தியாவில் இந்த நோய் அதிகம் பதிவாகும் மாநிலங்களாக மருத்துவ இலக்கியம் திரும்பத் திரும்பக் குறிப்பிடுவது ஆந்திரத்தையும் தமிழ்நாட்டையும்தான்.

ஆகவேதான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஆட்டு நுரையீரலையும் ஈரலையும் நாய்க்குப் பச்சையாகப் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டும் என்றால் சின்னத் துண்டுகளாக நறுக்கி, கொதிக்கும் தண்ணீரில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வேகவையுங்கள், அந்தச் சூட்டில் புழுவின் தலை செத்துவிடும். இதுவரை பச்சையாகப் போட்டு வந்தவர்கள் கால்நடை மருத்துவரிடம் அதை ஒளிக்காமல் சொல்லுங்கள். பூச்சி மாத்திரை என்று பொதுவாகக் கொடுப்பவற்றில் எல்லாமே இந்தப் புழுவைக் கொல்வதில்லை. பிராசிகுவான்டெல் என்ற மருந்து அதில் இருக்க வேண்டும். அட்டையைத் திருப்பிப் படித்துப் பாருங்கள், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். கறிக்கடை வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும் ஒரு வேண்டுகோள். கட்டி உள்ள பகுதியைத் தெருநாய்க்கு வீசாதீர்கள். மூடிய வாளியில் போட்டு, நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள்.

"நான் ஆட்டு உறுப்பே வாங்குவதில்லை, கோழிதான், அதுவும் ஃப்ரீசரில் வைத்துத்தான் கொடுக்கிறேன்" என்பார்கள் சிலர். நுரையீரல் கட்டியில் இருக்கும் புழுவை நீண்ட நாள் உறைகுளிர் கொன்றுவிடும், அது உண்மை. ஆனால் கோழியில் பிரச்சினை புழு அல்ல, பாக்டீரியா. சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர், லிஸ்டீரியா போன்றவை குளிரில் முழுவதுமாகச் சாவதில்லை, தூங்கும். வெளியே எடுத்து வைத்தால் விழித்துக்கொள்ளும். லிஸ்டீரியா சாதாரண ஃபிரிட்ஜ் குளிரிலும் மெல்லப் பெருகும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010 முதல் இரண்டு ஆண்டுகள் நடத்திய சோதனையில், விற்பனையில் இருந்த 196 பச்சை நாய், பூனை உணவு மாதிரிகளில் 15இல் சால்மோனெல்லாவும் 32இல் லிஸ்டீரியாவும் இருந்தன. நெதர்லாந்தில் 2018இல் வெளியான ஓர் ஆய்வில், உறையவைத்து விற்ற 35 பச்சை உணவுகளில் 19இல் லிஸ்டீரியா இருந்தது. அவை தொழிற்சாலையில் அடைத்து, வழி நெடுகக் குளிர் குறையாமல் கடைக்கு வந்தவை. நம் கோழிக் கடையில் கழுத்தறுத்த கோழியை டிரம்மில் போட்டு, ஒரே பலகையில் நூறு கோழியை வெட்டி, மிச்சத்தைக் கேரிபேக்கில் கட்டிக் கொடுத்து, அதைச் சித்திரை வெயிலில் வண்டியில் தொங்கவிட்டுக்கொண்டு வருகிறோம். கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்க் குழம்பு வைப்பார்கள், கொதியில் எல்லாம் அடங்கிவிடும் என்பதை நம்பித்தான் இந்தத் தொழில் முழுவதும் நடக்கிறது. பச்சையாகப் போடும்போது அந்தக் கொதியைத்தான் நாம் தவிர்க்கிறோம்.

இங்கேயும் நாய்க்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. "என் நாய் மூன்று வருஷமாத் தின்னுது, ஒரு நாள் பேதி ஆனதில்லை" என்று சொல்வது பொய்யல்ல. கனடாவில் 2002இல் வெளியான ஒரு சின்ன ஆய்வில், பச்சைக் கோழி தின்ற பத்து நாய்களில் மூன்றின் மலத்தில் சால்மோனெல்லா இருந்தது. நாய் நன்றாகத்தான் இருக்கும். அது நக்கிய தட்டு, படுத்த தரை, நக்கிவிட்ட குழந்தையின் முகம், இவைதான் கேள்வி. நம் குவார்ட்டர்ஸ் வீடுகளில் தவழும் பேரக்குழந்தை இருக்கிறது, சர்க்கரை நோயோடு ஓய்வு வாழ்க்கை வாழும் தாத்தா பாட்டி இருக்கிறார்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர் இருக்கலாம். இதை முன்னிட்டுத்தான் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம், நாய்க்கும் பூனைக்கும் வேகாத இறைச்சி கொடுப்பதைத் தவிர்க்கச் சொல்லி 2012இல் தன் கொள்கையை அறிவித்தது. நம் நாட்டிலேயே, 2024 டிசம்பர் கடைசியில் நாக்பூரின் கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் பறவைக் காய்ச்சலில் இறந்தன. பறவைக் காய்ச்சல் பரவும் காலத்தில் பச்சைக் கோழியை எந்த விலங்கின் முன்னால் வைப்பதற்கும் முன் ஒருமுறை நினைத்துப்பார்க்க வேண்டிய செய்தி அது.

பாக்கெட் தீனிக்கு வருவோம். ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் இடிதாங்கி விற்க லண்டன் போனவர். துறைமுகத்தில் மாலுமிகள் வீசிய பிஸ்கட்டை நாய்கள் தின்பதைப் பார்த்து 1860களில் நாய் பிஸ்கட் தயாரிக்க ஆரம்பித்தார் என்பார்கள். இன்று நாம் பார்க்கும் உருண்டை உருண்டையான தீனி அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டு கழித்து வந்தது. காலை உணவுத் தானியம் செய்யும் இயந்திரத்தில் மாவையும் இறைச்சித் தூளையும் நீராவி அழுத்தத்தில் வேகவைத்து, துளை வழியே பிதுக்கி எடுக்கும் முறையில் பியூரினா நிறுவனம் 1957இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் நெய்வேலி நிலக்கரிக் கழகம் தொடங்கியதற்கு அடுத்த ஆண்டு அது. வேகவைத்ததால் கிருமி பயம் குறைவு, சூட்டில் அழியும் வைட்டமின்களை ஈடுகட்டிச் சேர்த்துவிடுகிறார்கள். நமக்கு இதில் பெரிய நன்மை என்னவென்றால், கால்சியம், பாஸ்பரஸ், துத்தநாகம், அயோடின் எல்லாவற்றையும் யாரோ ஒருவர் நமக்காக அளந்து போட்டிருக்கிறார்.

யாரோ ஒருவர் என்று சொல்லும்போதே அங்கே ஆபத்தும் ஒட்டிக்கொண்டு வருகிறது. 2007இல் வட அமெரிக்காவில், சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்திருந்ததால் எத்தனையோ நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. 2020 கடைசியில் அங்கேயே ஒரு நிறுவனத்தின் தீனியில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தின் அஃப்ளாடாக்சின் நஞ்சு சேர்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் மாண்டன. தானியமே சேர்க்காத தீனி உயர்ந்தது என்று இரண்டு மடங்கு விலைக்கு விற்கிறார்களே, அந்த வகைத் தீனிக்கும் நாய்களின் இதயத்தசை நோய்க்கும் தொடர்பு இருக்குமோ என்று 2018இல் அமெரிக்க அரசே விசாரிக்கத் தொடங்கியது. தொடர்பு உறுதியாகவில்லை. ஆனாலும் ஆரோக்கியமான நாய்க்கு அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்க எந்த அவசியமும் எனக்குத் தெரியவில்லை.

நம் பக்கத்தில் இதைவிடப் பெரிய கவலை, லூஸில் விற்பது. பெரிய மூட்டையைப் பிரித்து வைத்து, கிலோக் கணக்கில் அள்ளிப் பாலித்தீன் பையில் கட்டித் தருகிறார்கள். சிக்கனத்துக்காக வாங்குகிறோம். அந்த மூட்டை எப்போது பிரிக்கப்பட்டது, காலாவதித் தேதி என்ன, அது பெரிய நாய்க்கா குட்டிக்கா, எதுவுமே தெரியாது. உருண்டையின் மேல் பூசியிருக்கும் கொழுப்பு காற்றுப் பட்டுக் காறிப்போகும். ஐப்பசி கார்த்திகையில் கடலூர் மாவட்டத்து ஈரம் நமக்குத் தெரியாததல்ல, புளியே பூத்துவிடும். அந்த ஈரத்தில் திறந்த மூட்டை மக்காச்சோளத் தீனி பூஞ்சைக்கு விருந்து. மூடிய பையையே வாங்குங்கள், ஒரு மாதத்துக்குள் தீரும் அளவில். வாங்கியதை வேறு டப்பாவில் கொட்டாமல், அந்தப் பையோடேயே வாயைச் சுருட்டி மூடி டின்னுக்குள் வையுங்கள். நாய்க்கு ஏதாவது ஆனால் பையில் அச்சடித்த பேட்ச் எண் நம் கையில் இருக்கும்.

பையின் முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். முழுமையான, சமச்சீரான உணவு என்று போட்டிருக்கிறதா, எந்த வயதுக்கு என்று போட்டிருக்கிறதா, அதுதான் முதல் கேள்வி. இது இல்லாதது வெறும் நொறுக்குத் தீனி. புரதம் 20 சதவீதம் என்று கண்டதும், "பச்சைக் கோழியிலும் அவ்வளவுதானே இருக்கிறது" என்று நினைக்க வேண்டாம். கோழியில் முக்கால் பங்கு தண்ணீர், தீனியில் தண்ணீர் 10 சதவீதத்துக்குள். ஈரத்தைக் கழித்துப் பார்த்தால் கறியில்தான் புரதம் பல மடங்கு. ஆனால் வளர்ந்த நாய்க்கு உலர்நிலையில் 18 சதவீதம் இருந்தாலே போதும் என்பது அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கத்தின் அளவு. தேவைக்கு மேல் போகும் புரதத்தின் நைட்ரஜன் சிறுநீராகத்தான் போகும்.

அளவும் முக்கியம். நகரியத்தில் நான் பார்க்கும் லாப்ரடார்களில் பாதிக்கு மேல் இடுப்பே தெரிவதில்லை. 30 கிலோ இருக்க வேண்டிய, கருத்தடை செய்த நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 1,400 கலோரி போதும். 100 கிராமுக்கு 350 கலோரி உள்ள தீனி என்றால் சுமார் 400 கிராம், மாதம் 12 கிலோ. 10 கிலோ எடையுள்ள நாட்டு நாய்க்குச் சுமார் 180 கிராம். தட்டு நிறைந்திருக்க வேண்டும் என்ற நம் வழக்கமான மனதோடு பார்த்தால் இது கொஞ்சமாகத்தான் தெரியும். தராசில் ஒருமுறை நிறுத்து, ஒரு டம்ளரில் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் தண்ணீர்க் கிண்ணத்தை இரண்டாக்குங்கள். கறி தின்னும் நாய்க்கு உணவிலேயே தண்ணீர் போய்விடும், பாக்கெட் தின்னும் நாய் குடித்துத்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது வழிதான் நம்மில் பெரும்பாலோர் வீட்டில் நடப்பது. குக்கரில் கொஞ்சம் அரிசி கூடப் போட்டு, எலும்பு எடுத்த கோழிக்கறியை வேகவைத்துப் பிசைந்து வைக்கிறோம். பாக்கெட்டுக்கு நூறு ரூபாய் கணக்குப் பார்க்கும் வீட்டிலும் இது நடக்கிறது. இதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. கிருமியும் புழுவும் போய்விடுகின்றன, நாயும் விரும்பித் தின்கிறது. ஆனால் இதில் இல்லாதது கால்சியம். எலும்பில்லாத 100 கிராம் கோழியில் கால்சியம் பத்துப் பன்னிரண்டு மில்லிகிராம்தான், பாஸ்பரஸோ 200 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. அரிசியிலும் இதே கதை. நாய்க்குக் கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ சற்றுக் கூடவோ இருக்க வேண்டும். இங்கே பதினைந்து மடங்குக்கு மேல் தலைகீழாக இருக்கிறது. ரத்தத்தில் கால்சியம் குறையும்போது கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டும். பெரிய நாய் சில வருஷம் தாங்கும். குட்டி தாங்காது.

நம் வட்டத்தில் ஒரு லாப்ரடார் குட்டியைப் பார்த்தேன். நான்கு மாதம். கொழுகொழுவென்று அழகாக இருந்தது. முன்னங்கால் இரண்டும் மணிக்கட்டில் வளைந்து, பாதம் தட்டையாகப் படிந்து, நடக்கும்போது பின்பக்கம் இடறிக்கொண்டே வந்தது. வீட்டார் குறை வைத்தவர்கள் அல்லர். பாலும் சோறும் கோழியும் வேளாவேளைக்குக் கொடுத்திருக்கிறார்கள். சோபாவிலிருந்து குதித்ததில் தொடை எலும்பு முறிந்துவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு காகிதம் போல் மங்கலாகத் தெரிந்ததாகச் சொன்னார்கள். குட்டிகளுக்குப் பாக்கெட்தான் என்று நான் விடாப்பிடியாகச் சொல்வதற்கு இதுதான் காரணம். அதே மூச்சில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நல்ல குட்டித் தீனி போடும்போது கால்சியம் டானிக்கைக் கூடுதலாக ஊற்றாதீர்கள். பெரிய இனக் குட்டிகளால் கூடுதல் கால்சியத்தை வேண்டாம் என்று தள்ளத் தெரியாது, அதுவும் எலும்பைக் கெடுக்கும்.

வளர்ந்த நாய்க்கு வீட்டில் சமைப்பவர்கள் முட்டை ஓட்டைத் தூக்கி எறியாதீர்கள். கழுவி, கொதிநீரில் போட்டு எடுத்து, வெயிலில் காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்தால், ஒரு டீஸ்பூனில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கும். 1,000 கலோரிக்கு 1 கிராம் கால்சியம் என்பது தேவை. முழுக்க வீட்டுச் சாப்பாடு தின்னும் லாப்ரடாருக்கு முக்கால் டீஸ்பூன், நாட்டு நாய்க்குக் கால் டீஸ்பூனுக்குச் சற்று மேல். அரிசிக்குப் பதில் வாரத்தில் சில நாள் கேழ்வரகு கொடுக்கலாம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, வேறெந்தத் தானியமும் அதன் அருகில் வராது. கடலூரிலிருந்து வரும் மத்தி மீனை முள்ளோடு குக்கரில் நன்றாகக் குழைய வேகவைத்துப் பிசைந்து வாரம் ஒருமுறை போடலாம். ஈரல் வாரம் ஒருமுறை, அதுவும் கொஞ்சமாக. இவ்வளவு செய்தாலும் துத்தநாகமும் வைட்டமின் ஈயும் குறையவே செய்யும். அதனால்தான் பாதி பாக்கெட், பாதி வீட்டுச் சாப்பாடு என்ற வழியை நான் அதிகம் பரிந்துரைக்கிறேன். முழுக்க வீட்டிலேயே சமைக்க விரும்பினால், புதுச்சேரி குரும்பாப்பேட்டையில் ராஜீவ் காந்தி பெயரில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அங்கே ஒருமுறை போய், நாயின் எடையைக் காட்டி, உணவுப் பட்டியல் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நமக்கு வைத்த சாம்பாரையும் குழம்பையும் நாய்ச் சோற்றில் ஊற்றக் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், வேகவைத்தாலும் அந்த நச்சு போகாது. பிரியாணி எலும்பு கூடவே கூடாது. வெந்த எலும்பு சிம்பு சிம்பாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். திராட்சை, உலர்திராட்சை சிறுநீரகத்தைப் பாதிக்கும், பாயசத்தில் கிடப்பதும் சேர்த்துத்தான். வைகாசி ஆனியில் பண்ருட்டிப் பலா நம் வீடுகளில் நிறையும்போது கொட்டையை நாய்க்கு எட்டாமல் வையுங்கள், விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும்.

ஷிஃப்ட் வேலை பார்க்கும் வீடுகளுக்குத் தனியாக ஒரு சொல். செகண்ட் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும்போது மத்தியானம் வைத்த கறிச்சோறு, ராத்திரி வீடு திரும்பும்வரை வராந்தாவில் கிடக்கும். நம் ஊர் வெயிலில் இரண்டு மணி நேரத்தில் அது கெட்டுப்போகும். வீட்டில் ஆள் இல்லாத வேளைக்கு உலர்ந்த தீனியை வையுங்கள். வீட்டுச் சாப்பாட்டை நாம் இருக்கும் வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள், மிஞ்சியதை அரை மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். வெந்நீரில் ஊறவைத்த தீனிக்கும் இதே விதிதான்.

இந்த மடலைப் படித்துவிட்டு நாளைக்கே எல்லாவற்றையும் மாற்றிவிடாதீர்கள். திடீரென்று மாற்றினால் பேதியாகும், "பார்த்தியா, ஒத்துக்கலை" என்று பழையதற்கே திரும்பிவிடத் தோன்றும். முதல் இரண்டு மூன்று நாள் பழைய சாப்பாட்டில் கால் பங்கைக் குறைத்துப் புதியதைச் சேருங்கள். பிறகு சரிபாதி. அடுத்த இரண்டு மூன்று நாள் முக்கால் பங்கு. ஒரு வாரம் பத்து நாளில் முழுவதும் மாற்றிவிடலாம். பச்சைக் கறியிலிருந்து மாறுபவர்கள் மட்டும் படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை, அதே கறியை, எலும்பை மட்டும் நீக்கி, அதே அளவில் முதல் நாளிலிருந்தே வேகவைத்துக் கொடுங்கள், பிறகு மற்றதை மெதுவாகச் சேருங்கள். வேகவைத்த தண்ணீரைக் கீழே ஊற்றாதீர்கள், ஆறவைத்துத் தீனியின் மேல் ஊற்றினால் முகர்ந்துவிட்டுப் போகும் நாயும் திரும்பி வந்து தின்னும்.

அன்புடன்,
உங்கள் வட்டத்துச் சாலையில் தினமும் நாயோடு நடக்கும் ஒரு நகரியவாசி